இரட்டைப் பாதையும் ஒற்றை மூல ஏடும்

விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் எழுதப் புகுந்தால், சங்கப் பாடலையோ திருமுறையையோ பொருளாகக் கொள்வார் என்றே பழைய மாணவர் பலரும் எதிர்பார்ப்பர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயினும் சென்ற ஆண்டு நம் கண்முன் நிகழ்ந்த ஓர் இடர், வேறொரு பொருளை எழுதுமாறு நம்மைத் தூண்டிற்று. தரவு மையங்களிலே இணைப்புப் பெட்டிகளுக்கு இடப்படும் இரட்டைப் பாதைகளும், அவற்றுக்குக் கட்டளை எழுதும் முறையுமே அப்பொருள். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நகைப்போர், காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் என்பதை நினைவுகூர்வாராக. 1947இல் வெளிவந்த யாழ்நூலைத் தமிழறிவும் கணித அறிவும் கூடியே ஆக்கின.

நிகழ்ந்தது இதுவே. நாம் அறிந்த பாடசாலையொன்றின் கணினிக் கூடத்தில் இணைப்புப் பெட்டிகள் இரண்டு உள. சுவிட்சு என வழக்கிலும் ஆளி எனப் பாடநூலிலும் வழங்கும் பெட்டிகள் அவை. அவற்றுக்கிடையே கம்பிகள் இரண்டு. ஒன்று பழுதுற்றால் மற்றது தாங்கும் என்பது ஏற்பாடு. இணையவழி விண்ணப்பம் ஒன்றுக்கு இறுதி நாளன்று, ஒரு கம்பியை எலி கடித்துவிட்டது. மற்றக் கம்பியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. செய்தி மட்டும் செல்லவில்லை. பிள்ளைகள் பேருந்தேறி வாழைச்சேனைக் கடைகளுக்கு ஓடினர். ஒருவாறு விண்ணப்பித்தனர், ஆயினும் அன்று அவர்கள் முகத்தில் கண்ட கலக்கம் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

வெளிநாட்டுத் தரவு மையமொன்றில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் அவ்வேளை விடுமுறையில் பாசிக்குடாவுக்கு வந்திருந்தார். அவரை அழைத்துக் காட்டினோம். சிறிது நேரம் ஆராய்ந்துவிட்டு அவர் கூறியது: “சேர், ஒரு பெட்டிக்கு இரண்டு கம்பியையும் ஒரே கட்டாகக் கொள்ளும்படி கட்டளை இருக்கிறது. மற்றப் பெட்டிக்கு முதற் கம்பியைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது கம்பி வந்த நாள் தொட்டு ஒருநாளும் வேலை செய்யவில்லை.” அவ்வளவு காலமும் இரண்டு பாதை உண்டென்று நம்பி அனைவரும் அமைதியாக இருந்தனர்.

சிறிய பாடசாலையில் இரண்டு கம்பிக்கே இந்நிலை என்றால், பெரிய தரவு மையத்தின் நிலை யாது? அங்கே அடுக்கு அடுக்காகச் சேவையகங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு சேவையகமும் இரண்டு ஆளிகளோடு பிணைக்கப்படும். ஆளியொன்று வீழ்ந்தாலும் மற்றது பணியைத் தொடரும். பல கம்பிகளை ஒரே பாதையாகக் கட்டும் இம்முறைக்கு ஐ.இ.இ.இ. எனும் பொறியியலாளர் கழகம் 2000ஆம் ஆண்டில் நியமம் வகுத்தது. இரு முனைகளும் ‘இருக்கின்றேன்’ என்று ஒன்றுக்கொன்று செய்தி விடுத்துக்கொண்டே இருக்கும். மெதுவான முறையில் அச்செய்தி 30 விநாடிக்கு ஒருமுறை வரும். 90 விநாடி வாராதொழிந்தால் அப்பாதை இறந்ததெனக் கொள்ளப்படும். விரைவான முறையில் விநாடிக்கு ஒரு செய்தி. மூன்று விநாடியில் முடிவு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆளிகள் இரண்டாயினும், சேவையகத்துக்கு அவை ஒன்றே போலத் தோன்றவேண்டும். ஆகவே இரண்டும் ஒரே அடையாளத்தைக் கூறவேண்டும். 2015இல் வெளிவந்த நெறிமுறையொன்று இத்தகைய இரட்டை இணைப்புக்குரிய அடையாள எண்ணைப் பத்து பைட் நீளமுடையதாக வகுத்தது. வழமையான பதினாறன் எண்முறையில் எழுதினால் இருபது எழுத்துகள். அவ்விருபதையும் இரண்டு ஆளிகளிலும் பிழையற எழுதவேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும், தாம் ஒரே சேவையகத்துக்கு உழைக்கின்றோம் என்பதை அவ்வாளிகள் அறியா. இவ்வாறு ஆயிரம் சேவையகங்களுக்குக் கையால் எழுதுவோர் பிழைவிடாதிருப்பரோ?

தமிழ் படித்தோருக்கு இக்கேள்வி புதிதன்று. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிய காலத்தில், எழுதினோன் கை தளருந்தோறும் பாடபேதம் ஒன்று பிறந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உத்தமதானபுரம் உ. வே. சாமிநாதையர் அவர்களும் பல பிரதிகளை ஒப்புநோக்கி, ஒரு திருந்திய பாடத்தை நிறுவி அச்சேற்றினர். அதன்பின் ஆயிரம் பிரதியும் ஒரே பாடத்தைக் கூறின. தன்னியக்கம் எனப்படுவதும் இதுவே. எந்தச் சேவையகம், எந்த இரண்டு ஆளி, எந்தத் துளை என்பவற்றை ஒரே மூல ஏட்டில் எழுதிவைப்பர். அதிலிருந்து இரு முனைக்கும் உரிய கட்டளைகளைக் கணினியே ஆக்கித் தரும். முனைகள் முரணுமாயின், கட்டளை ஆளியை அடையும் முன்னரே அது காட்டிக்கொடுக்கும். பின்னர் நாள்தோறும் மூல ஏட்டையும் ஆளியில் உள்ளதையும் ஒப்புநோக்கி, வேறுபாடு கண்டால் முறையிடும். நம் பாடசாலைப் பிழையை எலி கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க நேர்ந்திராது.

இதற்கு மறுப்புரைப்போர் இருவகையினர். முதல்வகையினர், பொறி எழுதும் பிழை பெரும்பிழையாகும் என்பர். அஃது உண்மையே. அச்சுக்கோத்தவன் பிழைத்தால் ஆயிரம் பிரதியும் பிழைக்கும். 2021 அக்டோபர் 4ஆம் நாள், பேஸ்புக் நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்புக்குப் பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அதன் தரவு மையங்களை இணைத்த பாதைகள் அனைத்தையும் ஒருங்கே அறுத்தது. அத்தகைய கட்டளையைத் தடுக்கவேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை இருந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் அச்சேவை நின்றது. பாதைகள் பலவாயிருந்தும் பயனில்லை; ஒரே கட்டளை எல்லாவற்றுக்கும் சென்றது. ஆயினும் அச்சுப் பிழைக்கு அஞ்சி நாம் மீண்டும் ஏட்டுக்குச் சென்றோமில்லை. மெய்ப்புப் பார்க்கக் கற்றோம். கட்டளையை முதலில் ஓர் ஆளிக்கு மட்டும் இட்டு, அது நலமாயின் மற்றவற்றுக்குச் செல்வதே இத்துறையில் மெய்ப்புப் பார்த்தல்.

இரண்டாம் வகையினரின் மறுப்பு நம் நெஞ்சைத் தொடுவது. ஆளிகளுக்குக் கட்டளை எழுதும் தொழிலால் நம் பகுதி இளைஞர் பலர் கொழும்பிலும் வளைகுடாவிலும் பிழைக்கின்றனர். பொறி எழுதின் அவர் கதி யாது என்பர். இக்கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். ஒரே கட்டளையை நூறுமுறை எழுதும் வேலை குறையத்தான் போகின்றது. ஆயின் மூல ஏட்டை ஆக்குபவரும், அதனை ஒப்புநோக்குபவரும், எதனைச் சோதிப்பது என்று தீர்மானிப்பவரும் மனிதரே. அவ்வேலைக்கு வேண்டுவது விரலின் வேகமன்று. பொருளைத் தெளிவாக எண்ணி, ஐயமற எழுதும் ஆற்றல். அதனைக் கற்பிக்கத் தவறுவோமாயின், நம் பிள்ளைகள் வேலை இழப்பதற்குப் பொறி காரணமன்று. ஆசிரியராகிய நாமே காரணம்.

இன்னொன்றும் கூறவேண்டும். எந்தத் தன்னியக்கமும் தீய ஏற்பாட்டை நல்லதாக்காது. 2004 ஆகஸ்டில் கொழும்புக் கடலிலே கப்பலொன்றின் நங்கூரம் கடலடித் தந்தியை அறுத்தபோது, இத்தீவின் இணையத் தொடர்பு பெரும்பாலும் துண்டுற்றது. பின்னர் வேறு தந்திகள் வந்தன. அவற்றுள் ஒன்று கொழும்பை விட்டு மாத்தறையில் கரையேறிற்று. இடம் வேறாயமைந்ததே அதன் சிறப்பு. கல்லடியிலே பழைய மன்னிங் சீமாட்டி பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் கடக்க மறுபக்கத்து வாகனம் காத்துநின்ற காலத்தை நாம் மறக்கவில்லை. 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டபின் அவ்விடர் நீங்கிற்று. ஆயினும் இரு பாலங்களும் அருகருகே நிற்பவை. வாவி பெருகின் இரண்டையும் ஒருங்கே தாக்கும். பாசிக்குடாவில் வள்ளத்துக்கு இரண்டு கயிறு இடுவோன், இரண்டையும் ஒரே முளையில் கட்டான். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் கண்ட கரையினருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரண்டு கம்பியையும் ஒரே குழாயில் விட்டால், எலிக்கும் வேலை எளிது.

ஆகவே விழாக் காணும் இவ்வேளையில் பழைய மாணவர் அன்பர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. கணினிக் கூடத்துக்குப் பொருள் வழங்குவோர், பெட்டியோடும் பெயர்ப் பலகையோடும் அமைதி கொள்ளாதிருப்பாராக. எந்தத் துளை எதனோடு இணைகின்றது என்னும் ஏடொன்றை எழுதுவித்துக் கல்லூரியில் வைப்பாராக. இஃது ஒன்று. தவணைக்கு ஒருமுறை, பிள்ளைகள் முன்னிலையில், ஒரு கம்பியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்துக. இஃது இரண்டு. மூன்றாவது, இத்துறையில் இருப்போர் ஊருக்கு வரும்போது ஒரு பிற்பகலை நம் மாணவருக்கு ஈவாராக. லினக்ஸ் இயங்கும் ஒரு கணினிக்குள்ளேயே மெய்நிகர் ஆளிகளை அமைத்துப் பழகலாம்; 2012இல் வெளிவந்த அன்சிபிள் போன்ற தன்னியக்கக் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. செலவாவது காலம் ஒன்றே.

சோதித்தறியாத இரண்டாம் பாதை, பாதையே இல்லாமையினும் கொடிது என்பது நம் கருத்து. பாதை ஒன்றே என்று அறிந்தவன் விழிப்போடிருப்பான். இரண்டென்று நம்பியவன் உறங்குவான். அன்று வாழைச்சேனைக்கு ஓடிய பிள்ளைகள் போல் இன்னொரு முறை எவரும் ஓடாதிருக்க, எலி கடிக்கும் முன்னரே நாம் கழற்றிப் பார்ப்போமாக.