இரவல் வீடும் நமது நகரமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

விடுமுறை என்னும் சொல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. சிலருக்கு அது மலைவாசம்; சிலருக்கு உறவினர் வீட்டு விருந்து. நம் கல்லூரியில் பயிலும் பலருக்கோ அது களையெடுப்பு. நூற்பாலையில் இரவு வேலை. துணிக்கடையில் ஒரு மாதப் பணி. ஊர் சுற்றிப் பார்ப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று நம் வீடுகளில் என்றோ முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவை மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு நகரத்தை அறிய விடுதி அறையும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம். தெரிந்தவர் ஒருவரின் பூட்டிய வீடும், ஒரு வார ஓய்வும், நடக்கக் கால்களும் போதும். இது ஏட்டில் படித்த கருத்தன்று. கடந்த கோடை விடுமுறையில் நானும் என் அம்மாவும் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஆறு நாள் வாழ்ந்து பெற்ற கருத்து.

அம்மாவின் பெரியப்பா மகன், எனக்கு மாமா முறை, அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் தளத்தில் குடியிருக்கிறார். குடும்பத்தோடு காசி யாத்திரை புறப்பட்டபோது, "வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கப் போகுது? செடிக்குத் தண்ணி ஊத்துன மாதிரியும் இருக்கும், புள்ள ஊரைப் பாத்த மாதிரியும் இருக்கும்" என்று சொல்லிச் சாவியை அம்மாவின் கையில் கொடுத்தார்.

விருந்தினராகப் போயிருந்தால் எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்திருப்பார்கள். சுற்றுலாப் பயணிகளாகப் போயிருந்தால் அறையைப் பெருக்கவும் ஆள் வந்திருக்கும். இரவல் வீட்டில் இரண்டும் இல்லை. விடியுமுன் எழுந்து கீழே உள்ள அடிபம்பில் வரிசையில் நிற்க வேண்டும். குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டும். பால் எங்கே கிடைக்கும், குப்பை வண்டி எப்போது வரும் என்று நாமே கேட்டறிய வேண்டும். முதல் நாள் எங்களை யாரோ என்று பார்த்த பெண்கள், மூன்றாம் நாள் எங்கள் குடத்துக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்தார்கள். கடற்கரையில் நின்று எத்தனை படம் எடுத்தாலும் நகரத்தின் மனம் அதில் விழாது. தண்ணீர் வரிசையில் அரை மணி நேரம் நின்றால் அது தானே தெரியும்!

திருவல்லிக்கேணி எங்களுக்கு வாய்த்தது நல்லூழ் என்பேன். அது காலங்காலமாக வெளியூர்க்காரர்களுக்கு இடம் கொடுத்த பகுதி. வேலை தேடிச் சென்னைக்கு வரும் இளைஞர்கள் தங்கும் 'மேன்ஷன்'கள் இன்றும் அங்கே தெருவுக்குத் தெரு நிற்கின்றன. பார்த்தசாரதி கோயிலுக்கு அருகில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் வாடகைக்குக் குடியிருந்தார். 1921 செப்டம்பரில் அங்கேயே மறைந்தார். அந்த வீடு இன்று அவருடைய நினைவில்லம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தேர்வில் தவறி, உதவித்தொகையை இழந்த இராமானுஜன், 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தபோது குடியிருந்ததும் திருவல்லிக்கேணியில்தான். இன்று அப்பகுதிக்குப் பெருமை சேர்க்கும் இவ்விருவரும் அங்கே பட்டா வைத்திருந்தவர்கள் அல்லர், குடியிருந்தவர்கள்!

கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அங்கிருந்து நடந்து போகும் தொலைவில், 1795-இல் ஆற்காட்டு நவாபு குடும்பத்தார் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல் நிற்கிறது. அதில் பொறித்திருக்கும் பாரசீக வரிகளை இயற்றியவர் ஓர் இந்து. கடற்கரைச் சாலைக்கு வந்தால், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுப்பிய 'ஐஸ் ஹவுஸ்'. 1897-இல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான். இவற்றை எல்லாம் காண எங்களுக்கு ஆன செலவு மிகச் சிறிது. பெரும்பாலும் நடந்தோம். கால் வலித்தபோது, 2021-இல் வந்த மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டம் எங்களை ஏற்றிச் சென்றது.

நான்காம் நாள் மாலை மாநிலக் கல்லூரியின் முன் நின்றோம். சர் சி.வி. இராமனும் சந்திரசேகரும் பயின்ற கல்லூரி. 1930-லும் 1983-லும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்கள் அவர்கள். சிவந்த கட்டடத்தை அண்ணாந்து பார்த்த அம்மா, "இதுல படிக்க லட்சக்கணக்குல கட்டணுமா?" என்று கேட்டார். "இல்லம்மா, இதுவும் எங்க காலேஜ் மாதிரி அரசுக் கல்லூரிதான்" என்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அம்மாவுக்குச் சென்னை புதிதன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முன், நான்கு ஆண்டுகள் சென்னையின் தென்பகுதியில் கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர் அவர். செங்கல்லும் சாந்துச் சட்டியும் சுமந்து மாடி மாடியாய் ஏறியவர். தகரக் கொட்டகையில் வெயில் தாங்காத நாட்களில், கட்டி முடியாத வீட்டுத் தரையிலேயே படுத்துக்கொள்வார்களாம். "கதவு மாட்டுற வரைக்கும் வீடு எங்களுது. கதவு மாட்டிட்டா அது வேற ஆளு வீடு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான்கு ஆண்டுகள் உழைத்த ஊரில் கடற்கரையை அவர் பார்த்தது இரண்டே முறை. வேலை இருந்தால் ஓய்வில்லை. ஓய்வு இருந்தால் கூலியில்லை.

மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதல்லவா? சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-இல் நிறுவியது. நான்கு பேர் தசைகள் புடைக்கப் பாறையைப் பெயர்க்கிறார்கள். நான் அதன் சிறப்பை விளக்கிக் கொண்டிருந்தேன். அம்மா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல பொம்பள ஒருத்தியும் இல்லையே" என்றார். எந்த வழிகாட்டி நூலும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

நண்பர்களே, என் கருத்தின் வேர் இதுதான். நகரங்களைக் கட்டியவர்களில் நம் பெற்றோரும் உண்டு. ஆனால், அந்நகரம் நமக்கும் உரியது என்ற எண்ணம் அவர்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. நூலகத்தின் வாயிலில் நின்று, "உள்ளே விடுவார்களா?" என்று தயங்குகிறோம். நேர்முகத் தேர்வுக்குப் போனால், கேள்விக்கு அஞ்சுவதைவிட அந்தக் கட்டடத்துக்கே அதிகம் அஞ்சுகிறோம். மதிப்பெண் சான்றிதழால் தீராத அச்சம் இது. ஆறு நாள் அங்கே சமைத்துச் சாப்பிட்டுத் துணி உலர்த்தினால் தீரும்.

"கல்விச் சுற்றுலாதான் இருக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம். நம்மைப் போன்ற கல்லூரிகளின் சுற்றுலா எப்படி நடக்கிறது? மூன்று நாளில் ஏழு ஊர். இறங்கு, படம் எடு, ஏறு! ஊரின் பெயர் நினைவில் நிற்கும், ஊர் நிற்காது. ஒரே பகுதியில் மூன்று நாள் தங்கி, அங்குள்ள தெருக்களை நடந்தே அறிவது எவ்வளவோ மேல்.

"பிறர் வீட்டில் தங்குவது கௌரவக் குறைவு" என்பர் வேறு சிலர். நாற்று நட ஆள் மாற்றிக்கொள்வதும், திருமணத்துக்குப் பாத்திரம் இரவல் வாங்குவதும் நம் ஊர்களில் குறைவா? பெற்றதைத் துலக்கித் திருப்பித் தருவதுதான் இரவலின் இலக்கணம். மாமாவின் வீட்டைத் துடைத்து, செடிகளுக்கு நீர் ஊற்றி, தீர்ந்த எரிவாயு உருளைக்கு மாற்று வாங்கி வைத்துவிட்டே வந்தோம். இதில் குறைவென்ன?

என் மேற்படிப்புப் பேச்சு வந்தாலே எங்கள் வீட்டில், "மெட்ராசுக்கா? தனியாவா?" என்ற கேள்வியோடு அது முடிந்துவிடும். திரும்பி வந்த மறுநாள் அப்பா அதே கேள்வியைக் கேட்டபோது பதில் சொன்னவர் அம்மா: "தண்ணி வர்ற நேரம் தெரிஞ்சா எந்த ஊர்லயும் இருந்துக்கலாம். அவ இருந்துக்குவா." அப்பா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் பேச்சு முதன்முறையாக அதோடு முடியாமல், மறுநாளும் தொடர்ந்தது. நூறு அறிவுரைகள் செய்யாததை ஒரு சாவி செய்தது.

ஆகவே, நகரங்களில் குடியேறிவிட்ட நம் ஊர்ப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் திருவிழாவுக்குப் பேனர் வைக்கிறீர்கள். பள்ளிக்கு நாற்காலி வாங்கித் தருகிறீர்கள். மகிழ்ச்சி. அதோடு, ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள் வெளியூர் செல்லும் வாரத்தில் வீட்டுச் சாவியை உங்கள் ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒன்றிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பெற்றோரில் ஒருவரையும் உடன் வரச் சொல்லுங்கள். உங்களுக்கு அதில் செலவில்லை.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஆகப் போகிறோம். நாளை நமக்கும் ஏதோ ஒரு நகரில், ஏதோ ஒரு மாடியில் வீடு அமையும். அன்று அந்தச் சாவிக்கு இன்னொரு படி எடுத்து, ஊருக்கென்று தனியே வைப்போம்.