அடிக்கக் கற்றவர்கள் மறுப்பவரோடு நிற்கட்டும்

"பறைக்குச் சாதி இல்லை" என்கிற வாசகம் இப்போது டி-சர்ட்டில்கூட வருகிறது. பறைக்குச் சாதி இல்லைதான். ஆனால் இழவு வீட்டில் பறை அடிக்க யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது. அவர் வர முடியாது என்று சொன்னால் என்ன நடக்கிறது என்பதில் இன்னும் அதிகமாக இருக்கிறது. டி-சர்ட் போடுகிற தோழர்கள் இந்த இரண்டாவது விஷயத்தைப் பேசத் தயாரா என்பதுதான் எங்கள் கேள்வி.

கூடுவாஞ்சேரியில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பறை கற்கிறோம். கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், சேரிப் பிள்ளைகள், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறோம். வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை ஒட்டுவது, தீயில் காய்ச்சி இறுக்குவது, சிம்புக்குச்சியையும் அடிக்குச்சியையும் பிடிப்பது எல்லாம் பாடம்தான். ஆசான் வாயால் சொல்லச் சொல்லக் கை பிடித்துக்கொள்கிறது. சாமிச்சாட்டு, சப்பரத்தடி, மாரடிப்பு, வாழ்த்தடி என்று அடிகளுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர்களைக் கவனியுங்கள். சாமிக்கும் சப்பரத்துக்கும் சாவுக்கும் அடித்தவர்களைத்தான் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

பயிற்சிக்கு இடம் கேட்டு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனோம். "சாவு மேளத்தை இங்கே அடிக்காதீங்க" என்றார்கள். அதே குடியிருப்பிலிருந்து பொங்கலுக்குப் பறையாட்டம் வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். கலையை மேடைக்கு அழைப்பதும் கலைஞனின் தெருவை ஒதுக்குவதும் ஒரே கைகள்தான்.

கூடிக் கற்பதற்கு அயர்லாந்தை உதாரணம் காட்டுகிறார்கள் சில நண்பர்கள். டப்ளினில் 1900-லேயே பைப் வாசிப்பவர்கள் சங்கம் தொடங்கினார்கள். அழிந்துவிடும் என்று அஞ்சிய இல்லன் பைப்பை மீட்க 1968-இல் இன்னொரு அமைப்பு உருவானது. 2017-இல் யுனெஸ்கோ அந்த இசையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. நல்ல உழைப்பு, மதிக்கிறோம். ஆனால் அங்கே பைப் வாசிப்பது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட ஊழியம் அல்ல. பறை அப்படியா? அவர்களுக்கு மீட்க வேண்டியது இசை. நமக்கு மீட்க வேண்டியது மனிதர்களையும் சேர்த்து.

இதற்கு நம் மாவட்டத்திலேயே முன்னோடி இருக்கிறார். கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய பத்திரிகைக்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். வசைச்சொல்லாக்கப்பட்ட பெயரை நிமிர்ந்து சொன்னார். அதோடு நிற்கவில்லை. பொதுவழியும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உண்டு என்று சென்னை சட்டமன்றத்தில் 1924-இல் தீர்மானம் கொண்டுவந்தார். பெயரை எடுத்தவர் உரிமையையும் கேட்டார்.

பறையைத் தூக்கி எறிய வேண்டும் என்று ஒரு தலைமுறை சொன்னது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் அதே பறையைக் கையில் எடுத்தார்கள். மணிமாறனின் புத்தர் கலைக்குழு அதை மாணவர்களிடம் கொண்டுபோனது. 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எறிந்தவர்களையும் எடுத்தவர்களையும் எதிரெதிராக நிறுத்தாதீர்கள். அடிமைத்தனமாக அடிக்க மாட்டோம் என்றார்கள் அவர்கள். விரும்பினால் அடிப்போம் என்கிறார்கள் இவர்கள். தீர்மானிப்பது நாங்கள்தான், ஊர் அல்ல என்பதே இரண்டுக்கும் பொருள்.

ஆகவே, பறை கற்கும் தோழர்களே, மூன்று விஷயங்கள்.

சொல்லிக்கொடுக்கும் ஆசானுக்கு முறையான கூலி கொடுங்கள். மேடையில் அவர் பெயரைச் சொல்லுங்கள். "நாட்டுப்புறக் கலை" என்ற பொதுப்பெயருக்குள் அவரைப் புதைக்காதீர்கள்.

"இது தமிழர் கலை" என்று சொல்லும் முன், அந்தத் தமிழர்களில் யார் இதற்காக இழிவுபடுத்தப்பட்டார்கள், யார் இழிவுபடுத்தினார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். இழவுக்கு அடிக்க மறுத்த ஒருவரை ஊர் மிரட்டினால், பறையோடு அல்ல, சட்டத்தோடு போய் நில்லுங்கள். கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்கிறது. தலித் மக்களைக் கட்டாய வேலை செய்ய வைப்பது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். புகார் எழுதக் கூட இருங்கள், காவல் நிலையத்துக்குத் துணைக்குப் போங்கள், வழக்கு முடியும்வரை விலகாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நம்மோடு நின்று அடிக்கும் கைகள் நிறைய இருக்கின்றன. திங்கட்கிழமை காவல் நிலைய வாசலில் அவற்றில் எத்தனை வரும் என்பதை வைத்துத்தான் நம் கூட்டத்தை நாம் மதிப்பிட வேண்டும்.

ஜெய்பீம்.