காடு கடையன்று

காட்டிற்குச் சென்று திரும்பியவரிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி எது? 'என்ன பார்த்தீர்கள்?' என்று கேட்போர் மிகச் சிலரே. 'சிறுத்தை பார்த்தீர்களா?' என்பதே பலரின் கேள்வி. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. முன்னது கதை கேட்கக் காத்திருக்கும் கேள்வி. பின்னது கணக்குக் கேட்கும் கேள்வி. 'இல்லை' என்று விடை வந்ததும் சொன்னவர் முகத்தில் ஏமாற்றமும் கேட்டவர் முகத்தில் இரக்கமும் படர்கின்றன. செலவழித்த பணமும் இழந்த உறக்கமும் வீணாயின என்று இருவரும் முடிவு கட்டிவிடுகின்றனர். இந்த முடிவு தவறானது. தவறாய் இருப்பதோடு நில்லாமல் தீங்கும் விளைவிப்பது. இதனை மறுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தில் 'செரண்டிபிட்டி' என்றொரு சொல் உண்டு. தேடாத ஒன்றை எதிர்பாராத வகையில் கண்டடையும் பேற்றை அது குறிக்கும். அச்சொல்லின் பிறந்த நாளே நமக்குத் தெரியும்: 1754 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28. ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், தம் நண்பர் ஹொரேஸ் மான் என்பவருக்கு அன்று வரைந்த மடலில் அதனை முதன்முதலாகக் கையாண்டார். செரண்டிப் நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய கதையிலிருந்து அதை உருவாக்கியதாகவும் கூறினார். செரண்டிப் என்பது அரபு, பாரசீக மொழிகளில் இலங்கைக்கு வழங்கிய பழம்பெயர். 1557 இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறிய அக்கதையில், காணாமற்போன ஒட்டகம் ஒன்றின் அடையாளங்களை, அதைக் கண்ணால் காணாமலே இளவரசர் மூவரும் சொல்லிவிடுகின்றனர். வழியின் ஒருபுறத்தில் நல்ல புல் இருக்க, மறுபுறத்து மட்டமான புல்லே மேயப்பட்டிருந்தது. ஆகவே அதற்கு ஒரு கண் குருடு என்றனர். நமக்கும் இது புதிய கதையன்று. தமிழில் வழங்கும் அளகேச ராசன் கதையிலும், வழிச்செல்வோர் நால்வர் தடங்களை மட்டுமே கொண்டு இவ்வாறு ஓர் ஒட்டகத்தின் அடையாளங்களை உரைக்கின்றனர்.

வால்போல் தம் மடலில் ஒன்றை அழுத்திச் சொன்னார். அவ்விளவரசர்க்குக் கைகூடியவை இரண்டின் கூட்டால் விளைந்தவை: ஒன்று தற்செயல், மற்றொன்று கூர்மதி. இன்று அச்சொல்லை வாய்க்கு வாய் வழங்குவோர் முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைக் கைவிட்டனர். அதிர்ஷ்டத்திற்கு ஒரு நாகரிகப் பெயராக அது தேய்ந்துவிட்டது. கதை சொல்வதோ வேறு. ஒட்டகம் சென்ற வழியில் இளவரசர்க்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் நடந்திருப்பர். அதே புல்லை அவர்களும் மிதித்திருப்பர். தற்செயல் எல்லார்க்கும் பொதுவாகவே வந்தது. கண் திறந்திருந்தோர்க்கே அது பேறாயிற்று. அம்மூவரும் ஒட்டகத்தைத் தேடிச் செல்லவில்லை என்பதையும் கருத வேண்டும். தேடிச் சென்றிருப்பின், ஒட்டகம் நிற்காத வழியை வெறும் வழியாகவே எண்ணிக் கடந்திருப்பர்.

இனி, அச்சொல்லுக்குப் பெயர் தந்த தீவின் காட்டிற்கே செல்வோம். தென்கிழக்கில் இருப்பது யால. 1938 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காடு ஏறத்தாழ 979 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஐந்து பிரிவுகளைக் கொண்டது. ஆயினும் வருவோரில் மிகப் பெரும்பாலோர் நுழைவது 141 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள முதற் பிரிவிற்குள்தான். காரணம் வெளிப்படை. உலகிலேயே சிறுத்தைகள் மிக நெருங்கி வாழும் இடங்களுள் அது ஒன்று. இலங்கையில் புலியும் சிங்கமும் இல்லாமையால் சிறுத்தையே அங்கு ஊனுண்ணிகளின் தலைமை. பகலிலும் அது வெளிப்படுவதுண்டு.

காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கிறது. ஜீப்புகள் வரிசையாய் நுழைகின்றன. எங்கோ ஒரு பாறைமேல் சிறுத்தை தென்பட்டதாக ஓர் ஓட்டுநரின் கைபேசி சொல்கிறது. அவ்வளவுதான். அதுவரை ஊர்ந்த வண்டிகள் புழுதி பறக்க ஓடுகின்றன. பயணிகள் கம்பிகளைப் பற்றிக்கொண்டு குலுங்குகின்றனர். ஒற்றை விலங்கைச் சுற்றிப் பத்து, இருபது, சில வேளை அதனினும் மிகுந்த வண்டிகள் முண்டியடிக்கின்றன. பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரை வைகின்றனர். விலங்கு கடந்து செல்ல வேண்டிய பாதை அடைபடுகிறது. அது புதருக்குள் மறைகிறது. ஓரிருவருக்கு ஒரு வால் கிடைத்தது. மற்றவர்க்கு டீசல் புகை கிடைத்தது. உடனே அடுத்த அழைப்பு, அடுத்த ஓட்டம். செரண்டிப்பின் காட்டிலேயே செரண்டிபிட்டிக்கு இடமில்லாமற் செய்துவிட்டோம் என்பதை மறுப்பார் உளரோ?

ஓட்டுநரைக் குறை கூறுவது எளிது. பலர் அதையே செய்கின்றனர். ஆனால் அவர் ஏன் ஓடுகிறார்? சிறுத்தையைக் காட்டினால் வெகுமதி, காட்டாவிட்டால் முகச்சுளிப்பு என்ற விதியை எழுதியவர் அவர் அல்லர். பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவரே அதனை எழுதியவர். 'இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறேன், எனக்குக் காட்டு' என்ற கோரிக்கையே அந்த இயந்திரத்தை முடுக்குகிறது. கடையில் பணம் கொடுத்தவன் பொருளைக் கேட்பது முறை. காடு கடையன்று. அங்கே நாம் செலுத்துவது நுழைவுக் கட்டணம், விலங்கின் விலையன்று. சிறுத்தை நம்மோடு எந்த உடன்படிக்கையும் செய்துகொள்ளவில்லை. அதன் காலைப்பொழுது நம் பற்றுச்சீட்டுக்குக் கட்டுப்பட்டதுமன்று.

இந்தக் கோரிக்கை விலங்கைத் துன்புறுத்துவதோடு நில்லாமல் கோருபவனையும் குருடாக்குகிறது. அவன் பார்வையில் காட்டில் இரண்டே வகை உயிர்கள் உள்ளன: சிறுத்தை, சிறுத்தை அல்லாதவை. ஆண்டின் நடுவே பாலைப்பழம் கனியும் காலத்தில், கரடி மரமேறிக் கிளையில் அமர்ந்து பழம் தின்னும். சிறுத்தை இருக்கும் இடத்தை நோக்கிப் பறக்கும் வண்டியில் இருப்பவன் தலையை நிமிர்த்தி அம்மரத்தைப் பார்ப்பதில்லை. ஆறுமணிக் குருவி என்றொரு சிறு பறவை உண்டு. இமயமலையின் அடிவாரம் போன்ற வடபுலக் காடுகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இலங்கைவரை வந்து தங்குவது அது. பல வண்ணம் பூண்ட அப்பறவை தரையில் சருகுகளைப் புரட்டி இரை தேடும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி அளவில் கூவுவதால் தமிழில் அப்பெயர் பெற்றது. ஒரு குரலையும் ஒரு பொழுதையும் இணைத்துப் பெயரிட்டவன் எவ்வளவு நாள் செவி சாய்த்திருக்க வேண்டும்! நாமோ அக்குரலை ஜீப்பின் உறுமலில் அமிழ்த்திவிட்டுப் போகிறோம்.

விந்தை யாதெனில், சிறுத்தையைக் காண்பதற்கும் இந்த ஓட்டம் நல்ல வழியன்று. காட்டிற்கென்று ஒரு மொழி உண்டு. மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான்கள் திடீரெனத் தலை நிமிர்த்தி, வாலுயர்த்தி, ஒரே திசையை உற்று நோக்கும்; ஒன்று முன்காலால் நிலத்தை உதைக்கும்; பின்பு கூரிய குரல் ஒன்று எழும். மர உச்சியிலிருந்து மந்தி இருமுவதுபோல் எச்சரிக்கும். இவையெல்லாம் 'வேட்டைக்காரன் வருகிறான்' என்பதன் வெவ்வேறு உச்சரிப்புகள். வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, பேச்சையும் நிறுத்தியவனுக்கே இவை கேட்கும். மேயப்பட்ட புல்லிலிருந்து ஒட்டகத்தை அறிந்தவர்களைப்போல், மானின் காதிலிருந்து அவன் சிறுத்தையை அறிவான். அது வெளியே வராமற்போனாலும் அருகில் இருக்கிறது என்று அறிந்த அந்த அரைமணி நேரம் அவனுடையது. அதை எந்தக் கைபேசி தரும்?

இங்குதான் தனிப் பயணத்தின் சிறப்பு விளங்குகிறது. அறுவர் ஒன்றாகச் செல்லும்போது அறுவரின் விருப்பமும் பேசித் தீர்க்கப்பட வேண்டும். ஒரு மீன்கொத்திக்காக வண்டியை நிறுத்தச் சொல்ல ஒருவர் கூசுகிறார். மற்றவர் பொறுமை இழந்துவிடுவரோ என்ற அச்சம்! முடிவில், எல்லார்க்கும் தெரிந்த பெயர் ஒன்றே எல்லார்க்கும் உடன்பாடாகிறது, அது சிறுத்தை. பேச்சும் இடைவிடாது ஓடுகிறது. கண் காட்டை நோக்கினாலும் மனம் தோழரையே நோக்குகிறது. தனியே செல்பவருக்கு இக்கட்டுகள் இல்லை. ஒரு நீர்நிலையருகே இரண்டு மணி நேரம் சும்மா இருக்க அவர் எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. தாம் கண்டதை உடனே மொழியாக்கிப் பிறர்க்கு வழங்க வேண்டிய கடமையும் இல்லை. எதிர்பாராதது வந்து தங்குவதற்கு அவரிடம் இடம் இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் நேர்மையோடு எடைபோடுவோம்.

தனிமை ஆபத்து என்பர் சிலர். துணையின்றிக் காட்டிற்குள் நடக்குமாறு எவரையும் நான் தூண்டவில்லை. இலங்கையின் தேசிய பூங்காக்களில், குறித்த சில இடங்களைத் தவிர வண்டியைவிட்டு இறங்கவே அனுமதி இல்லை. அது நல்ல சட்டம். ஓட்டுநரும் காடறிந்த வழிகாட்டியும் உடனிருக்கட்டும். தனியே செல்லும் பெண், வண்டியையும் ஓட்டுநரையும் நம்பிக்கையானவர் வழியே அமர்த்திக்கொள்வது அச்சமாகாது, அறிவுடைமையே.

வாழ்நாளில் ஒருமுறை, அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தோடு வருபவன் சிறுத்தையை விரும்பக் கூடாதா என்பர் வேறு சிலர். விரும்பலாம். விருப்பம் வேறு, உரிமைக் கோரிக்கை வேறு. விரும்புபவன் கிடைக்காதபோதும் கண்களைத் திறந்தே வைத்திருப்பான். கோருபவன் கிடைக்காதபோது கண்களை மூடிக்கொள்வான். ஒருமுறையே வர இயன்றவனுக்கன்றோ கண்களைத் திறந்து வைத்திருக்கும் தேவை மிகுதி?

மூன்றாவது மறுப்பே வலுவானது. ஒவ்வொருவரும் தனித்தனி ஜீப்பில் சென்றால் வண்டிகள் பெருகாவா? பெருகும்; அதில் ஐயமில்லை. ஆகவே நெரிசல் மிகுந்த முதற் பிரிவில் தனி வண்டி கேட்பது முறையாகாது. அங்கே போக வேண்டுமாயின், அமைதி காக்க இசையும் அயலாரோடு வண்டியைப் பகிர்ந்துகொள்ளலாம். தனிமை இருக்கைகளின் கணக்கைப் பொறுத்ததன்று. முன்பின் அறியாதவர் நடுவே வாய்மூடி இருப்பவரும் தனிப் பயணியே. அன்றி, வேறு காடுகளும் உள்ளன. யாலவோடு அதே ஆண்டில் தேசிய பூங்காவான வில்பத்து 1,317 சதுர கிலோமீட்டர் பரந்தது. இலங்கையின் மிகப் பெரிய தேசிய பூங்கா. போரின் காரணமாக 1988 இலிருந்து 2003 வரை அது மூடிக் கிடந்தது. 'வில்லு' எனப்படும் இயற்கை நீர்நிலைகள் அங்கே காட்டின் நடுவே திறந்து கிடக்கின்றன. வார நாளொன்றில் ஒரு வில்லின் கரையில் நிற்கும் ஒற்றை வண்டி, ஓடித்திரியும் ஐந்து வண்டிகள் செய்யும் கேட்டைச் செய்யாது.

ஜீப்புக்கே பணமில்லாதவருக்கும் வழி அடைபடவில்லை. யாலவின் அயலில் உள்ள திசமகாராமவிற்குப் பேருந்து செல்கிறது. அங்குள்ள பழம்பெரும் திச வாவியின் கட்டில் நடக்கக் கட்டணம் இல்லை. நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் அங்கே கூடுகின்றன. கரையோரப் பெருமரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன. அந்தியில் அவை எழுந்து பறக்கும் காட்சிக்கு எவரும் சீட்டு விற்பதில்லை.

வாசக அன்பர்களே, காட்டிற்குச் செல்லுங்கள். இயன்றால் தனியே செல்லுங்கள். புறப்படுமுன் ஓட்டுநரிடம் இரண்டு சொற்களைச் சொல்லிவிடுங்கள். சிறுத்தை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வெகுமதி ஒன்றே என்று முதலில் சொல்லுங்கள். தொகையையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அழைப்பு வந்தாலும் ஓட வேண்டாம், நிழலான நீர்க்கரை ஒன்றில் நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிடும்படி அடுத்துச் சொல்லுங்கள். அவர் முதலில் உங்களை ஐயத்தோடு நோக்கக்கூடும். பின்பு, காசு ஈட்டும் ஓட்டத்தில் தாமே மறந்துபோன காட்டை உங்களுக்குக் காட்டத் தொடங்குவார்.