நிரப்பிக் கொடுத்த படிவத்துக்குப் பதில் எங்கே?

படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்கப் போகும் மாணவர், நூலகத்தில் ‘நோ டியூஸ்’ கையெழுத்துக்காக வரிசையில் நிற்கிறார். அப்போதுதான் அவர் கையில் ஒரு படிவம் தரப்படுகிறது. நூலகச் சேவை மிக நன்று, நன்று, சுமார், மோசம்: ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். மேலே பெயர், பதிவு எண், துறை. படிவத்தை வாங்கிக்கொள்பவரேதான் கையெழுத்தும் போட வேண்டியவர். யார் ‘மோசம்’ என்று போடுவார்?

நம் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் வாசகர் கருத்து கேட்பது ஏறக்குறைய இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் வழங்கும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டு முறையில் மாணவர் திருப்தி ஆய்வுக்கும் நூலக வசதிக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. அதனால் அதன் குழு வரும் ஆண்டில் படிவங்கள் கட்டுக்கட்டாகச் சேர்கின்றன. வண்ண வட்டப் படங்களாகிக் கோப்பில் ஏறுகின்றன. குழு போன பிறகு அந்தக் கோப்பை யாரும் தேடுவதில்லை. குறை எழுதியவருக்கு, அதை யாராவது படித்தார்களா என்பதுகூடத் தெரியாது.

கருத்து கேட்கும் நூலகம், வந்த ஒவ்வொரு குறைக்கும் எல்லோரும் பார்க்கும்படி பதில் சொல்ல வேண்டும். செய்ய முடியாததென்றால், முடியாது, காரணம் இது என்று எழுதிப் போடட்டும். அதற்கு மனமில்லாத இடங்களில் படிவம் அச்சிடுவதையே நிறுத்திவிடலாம்; காகிதமாவது மிஞ்சும்.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1924-இல் நூலகராக வந்த எஸ்.ஆர். ரங்கநாதன், அதற்கு முன்பு கணித ஆசிரியர். பூட்டிக் காப்பது நூலகரின் வேலை என்றிருந்த காலத்தில், வாசகரே அடுக்குகளுக்கு இடையே போய்ப் புத்தகம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1931-இல் வெளியான அவருடைய நூலகவியல் விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலை போடும் நூலகங்கள், தங்கள் வாசகரின் நேரம் எங்கே போகிறது என்று ஒரு நாள் பார்க்கலாம். கணினியில் தேடினால் புத்தகம் ‘உள்ளது’ என்று வருகிறது, ரேக்கில் இல்லை. கவுண்டரில் கேட்டால் மேலே போய்ப் பாருங்கள் என்கிறார்கள். பாதி நேரம் அது ஏதோ ஒரு பேராசிரியரின் அறையில், ஆண்டுக்கணக்கில் திரும்பாமல் இருக்கிறது. மாணவருக்கு நாள் கணக்கில் அபராதம், பேராசிரியருக்கு ஒரு நினைவூட்டல் கடிதம்கூடக் கிடையாது. எந்தத் திருப்திப் படிவத்தில் இதற்குக் கட்டம் இருக்கிறது?

கேள்வி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்க, கனடிய ஆய்வு நூலகங்களின் கூட்டமைப்பும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘லிப்குவால்’ ஆய்வில் அடிப்படைக் கேள்விகள் 22 மட்டுமே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண் போடச் சொல்வார்கள்: குறைந்தபட்சம் எவ்வளவு இருந்தால் பொறுத்துக்கொள்வீர்கள், எவ்வளவு இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள், இப்போது எவ்வளவு கிடைக்கிறது. ‘நன்று’ என்ற ஒரே டிக்கில் மறைந்துபோகும் சங்கதி இங்கே வெளியே வந்துவிடும். இதையே அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. எதிர்பார்ப்பே இல்லாதவர் எளிதில் திருப்தி அடைந்துவிடுவார் என்பதையாவது நம் படிவம் கணக்கில் எடுக்கட்டும்.

நூலக நேரம் பற்றிய குறையை எடுத்துக்கொள்வோம். இரவு எட்டு மணி வரை திறந்திருக்கிறது என்று நிர்வாகம் பெருமையாகச் சொல்லும். மாணவியர் விடுதியிலோ ஆறரைக்கு வருகைப் பதிவு. வகுப்பும் ஆய்வகமும் முடிய ஐந்து ஆகிவிடும். மீதி ஒன்றரை மணி நேரத்தில் நடந்து வந்து, பையை வைத்து, டோக்கன் வாங்கி, இடம் பிடித்து உட்கார்ந்தால், கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிடுகிறது. இந்தக் குறையை நூலகப் படிவத்தில் எழுதினால் நூலகர் என்ன செய்வார்? விடுதி விதி அவர் கையில் இல்லை. விடுதிக் காப்பாளரைக் கேட்டால் பாதுகாப்பு என்பார். பாதுகாப்பு வேண்டும் என்றால் விளக்குப் போட்ட பாதையும் நூலகம் மூடும் நேரத்தில் விடுதி வரை ஒரு பேருந்தும் ஏற்பாடு செய்ய வேண்டுமே தவிர, மாணவியரை உள்ளே வைத்துப் பூட்டுவது வழியல்ல. அந்த முடிவை எடுக்கக்கூடியவர் துணைவேந்தர். நூலகக் குறைகளில் கணிசமானவை இப்படி நூலகரைத் தாண்டிப் போகிறவை. கழிப்பறையில் தண்ணீர் வராதது பொறியியல் பிரிவின் பாடு. ஆள் பற்றாக்குறையால் ஞாயிறு மூடியிருப்பது பணியிடத்தை நிரப்பாத பதிவாளர் அலுவலகத்தின் பாடு. சக்கர நாற்காலியில் வருபவர் முதல் மாடிக்கு ஏற வழியில்லாதது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்த பிறகும் நீடிக்கிறதென்றால், அது முழு நிர்வாகத்தின் பாடு. எல்லாவற்றையும் நூலகர் தலையில் கட்டிவிட்டு, குறை கேட்டாயிற்று என்று சொல்லிக்கொள்வது சௌகரியமாகத்தான் இருக்கும்.

ஊழியர்கள் தரப்பிலும் ஒரு மனத்தாங்கல் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே வந்து மேசைக்கு மேசை தண்ணீர் பாட்டிலை வைத்து இடம் பிடிக்கிறார்கள். நூலகப் புத்தகம் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் பிளக் பாயின்ட் இல்லை, ஏசி இல்லை என்று அதிகம் புகார் எழுதுவதும் அவர்கள்தான் என்பார்கள். பொய்யில்லை. ஆனாலும் வீட்டில் தனியறை இல்லாத, விடுதி அறையில் நான்கு பேரோடு இருக்கும் ஒருவருக்கு நூலகம் முதலில் ஓர் அமைதியான மேசை. அவர்களை விரட்டுவதைவிட, சொந்தப் புத்தகம் கொண்டுவரத் தனிக்கூடம் ஒதுக்கி, அதை மட்டும் இரவிலும் திறந்து வைப்பது சுலபம். ஆய்வு மாணவருக்கும் இடம் கிடைக்கும்.

சில குறைகளுக்குச் செலவே கிடையாது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. அப்படியும் ‘இதழ்கள் இல்லை’ என்று ஒரு மாணவர் எழுதினால், விடுதி அறையிலிருந்து அதில் நுழைவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றுதான் பொருள்.

எனவே படிவத்திலிருந்து பெயரையும் பதிவு எண்ணையும் எடுத்துவிட வேண்டும்; நெறியாளருக்குப் பயப்படும் ஆய்வு மாணவர் அப்போதுதான் வாய் திறப்பார். படிப்பு முடிந்து போகும்போது கேட்காமல், பருவத்தின் நடுவில், நூலகத்துக்கு வருவதையே விட்டுவிட்டவர்களிடம் வகுப்பறைக்குப் போய்க் கேட்க வேண்டும். நூலகக் குழுவில் மாணவர்கள் உட்கார வேண்டும், மாணவியர் உட்பட. நுழைவாயிலில் ஒரு பலகை: வந்த குறை, யார் பொறுப்பு, என்ன முடிவு, எந்தத் தேதிக்குள். நூலகர் செய்ய வேண்டியதற்கு நூலகர் பதினைந்து நாளில் பதில் எழுதட்டும். லிஃப்ட், பணியிடம், விடுதி நேரம் போன்றவற்றுக்கு எதிரே பதிவாளரோ துணைவேந்தரோ தம் பெயரில் கையெழுத்திட்டுத் தேதி குறிக்க வேண்டும். அடுத்த பருவம் தொடங்கும்போது, இதுவரை கோப்பில் தூங்கும் பழைய படிவங்களிலிருந்தே அந்தப் பலகையை நிரப்ப ஆரம்பிக்கலாம்.