நீரில் மறைந்த ஊர், வெள்ளியில் நிலைத்த படம்

1985 ஆம் ஆண்டில் மகாவலி ஆற்றில் விக்டோரியா அணை திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அதன் நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. அந்நகரின் கடைத்தெருவை அன்றிருந்தவாறு காண விழைவோர்க்கு இன்று பழைய கறுப்பு வெள்ளைப் படங்களே துணை. அவை எவ்வாறு உருவாயின?

படச்சுருளின் மேற்பூச்சில் வெள்ளிப் புரோமைட்டுப் பளிங்குகள் நிறைந்துள்ளன. ஒளி பட்ட பளிங்கில் ஒருசில வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடுகின்றன. கண்ணுக்குப் புலனாகாத இத்திரளே படத்தின் வித்து. டெவலப்பர் திரவத்தில் இட்டதும், வித்துள்ள பளிங்கு முழுவதும் வெள்ளியாக மாறுகின்றது. நுண்ணிய துகள்களாதலின் அது கறுப்பாகத் தோன்றுகின்றது. எஞ்சிய பளிங்குகளை ஹைப்போ கரைத்து நீக்குகின்றது. ஹைப்போவின் இப்பண்பை 1819 இல் கண்டறிந்தவர் ஜோன் ஹேர்ஷல் என்னும் ஆங்கிலேய அறிஞர்.

மாணவ நண்பர்களே, இதன்பின் படத்தைக் கழுவுவதிலேதான் அதன் ஆயுள் தங்கியுள்ளது. ஹைப்போ சிறிது எஞ்சினும், அதிலுள்ள கந்தகம் நாளடைவில் வெள்ளியைத் தாக்கும். படம் மஞ்சளித்து மங்கும். மலைநாட்டு ஈரக்காற்று அக்கேட்டினை விரைவுபடுத்தும். ஓடும் நீரில் நன்கு கழுவிய படமோ தலைமுறைகள் கடந்தும் நிற்கும்.

ஊரை மறைத்ததும் நீர். அதன் உருவைக் காத்ததும் நீரே!

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய நெகட்டிவ் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். காகித உறையிலிட்டு, ஈரம் அணுகாத இடத்தில் வையுங்கள். அத்தெருவை அன்றிருந்தவாறு இனி எவரும் படமெடுக்க இயலாது.