பாதியில் விடுவதும் ஒரு தீர்ப்புதான்

பழைய ஆர்.பி.ஜி. கேம்களை நேசிப்பவர்களிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பெயர்பெற்ற ஒன்றைத் தொடங்கிவிட்டால் முடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் குறை நம் பொறுமையில்தான் என்று நினைக்கிறார்கள். 1988 டிசம்பரில் ஸ்கொயர் நிறுவனம் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 2' இப்படிப் பலரைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு கேம். அதைப் பாதியில் நிறுத்துகிறவர் தவறு செய்யவில்லை. அந்த கேமைச் சரியாக எடைபோட்டிருக்கிறார் என்பதே என் கட்சி.

அதில் இருக்கும் நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். கதை தோல்வியில் தொடங்குகிறது. பலமேசியப் பேரரசின் படையெடுப்பில் வீடிழந்த நான்கு இளைஞர்கள் முதல் சண்டையிலேயே வெட்டிச் சாய்க்கப்படுகிறார்கள். அதை ஜெயிக்க வழியே கிடையாது. பிறகு துணைக்கு வரும் ஜோசப், பனிக்குகையில் உருண்டுவரும் பாறையைத் தன் உடம்பால் தடுத்து மற்றவர்களைத் தப்பவிட்டு இறந்துபோகிறார். எந்த மருந்தும் மந்திரமும் அவரைத் திருப்பித் தருவதில்லை. அந்தக் காலத்து வீட்டு கேம் ஒன்றில் இது பெரிய துணிச்சல். அகிடோஷி கவாசு வடிவமைத்த வளர்ச்சி முறையும் துணிச்சலானதுதான். லெவல் என்பதே இல்லை. வாளைப் பிடித்தவனுக்கு வாள் படியும், மந்திரம் சொன்னவனுக்கு மந்திரம் கூடும், அடிபட்டவனுக்கு உயிர்பலம் ஏறும். கேட்டால் நியாயமாகவே படுகிறது.

ஆனால் அந்த விதி நடைமுறையில் என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். அடிபட்டால்தான் உயிர்பலம் ஏறும் என்றால், பலவீனமான எதிரியை மிச்சம் வைத்துவிட்டு நம் ஆட்களையே நாம் வெட்டிக்கொள்வதுதான் லாபமான வழி. பேரரசை எதிர்த்து உயிர் கொடுக்கும் தோழர்களின் கதையில், ஒருவரையொருவர் தாக்கிக்கொள்பவர்களுக்குப் பரிசு கிடைக்கிறது. மூல வடிவத்தில் வலிமை கூடும்போது அறிவு குறையவும் செய்யும். குகைகளில் வரிசையாகக் கதவுகள். திறந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லாத அறை. அதிலும் வாசலருகே விடாமல் அறையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறது. வெளியேற நடக்கும் அந்த நாலைந்து அடிக்குள் இன்னொரு சண்டை. எல்லாவற்றையும்விட மோசமானது அல்டிமா. அந்த மந்திரத்தின் முத்திரையை உடைக்க, தோழர்களில் ஒருவரான மந்திரவாதி மின்வு தன் உயிரையே கொடுக்கிறார். அவ்வளவு பெரிய விலைக்குக் கிடைக்கும் மந்திரம் முதல் படியில், நோஞ்சானாக வந்து சேர்கிறது. மூல வடிவத்தில் அது கடைசிவரை தேறுவதும் இல்லை. கதை கட்டியெழுப்பிய மதிப்பைக் கணக்குமுறை இப்படிக் கண்ணெதிரே இடித்துத் தள்ளுகிறது.

'அந்தக் காலத்தில் அவ்வளவுதான் முடிந்தது' என்பார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில், அதே ஃபேமிகாமில்தான் 'டிராகன் குவெஸ்ட் 3' வந்தது. அதிலும் மணிக்கணக்கில் சண்டை உண்டு. ஆனால் ஒவ்வொரு சண்டையும் முன்னேற்றமாக இருந்தது, விதிகள் கதைக்கு எதிராக வேலை செய்யவில்லை. ஆகவே பழியை இயந்திரத்தின் மேல் போட முடியாது. எண்ணத்தின் மேலும் போட முடியாது. பயன்படுத்தப் பயன்படுத்தத் திறமை வளரும் அதே முறையை 2011இல் வந்த 'ஸ்கைரிம்' கோடிக்கணக்கானவர்களிடம் கொண்டுசேர்த்தது. சறுக்கியது அதை இங்கே செய்து முடித்த விதத்தில்தான்.

'முடிக்காமல் தீர்ப்பு சொல்லலாமா?' என்ற கேள்வி இதைவிடக் கனமானது. நாவலுக்கு அது பொருந்தும். கடைசி அத்தியாயம் முதல் அத்தியாயத்தின் பொருளையே மாற்றிவிட முடியும். இந்த வகை கேமில் நம் நேரத்தின் பெரும்பகுதியைத் தின்பது சண்டை, அதன் விதியோ முதல் சில மணி நேரத்திலேயே முழுசாகத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் நம்மைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் ஏறிக்கொண்டிருக்கும் எண்கள்தான். இவ்வளவு உழைத்து ஏற்றியதை எப்படி விடுவது என்று தோன்றும். போன நேரம் போனதுதான். இனி செலவாகப் போகும் நேரத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டுமே பார்க்க வேண்டும்.

'புதிய பதிப்பில் எல்லாம் சரியாகிவிட்டதே' என்பதும் வழக்கமான பதில். 2021இல் வந்த பிக்சல் ரீமாஸ்டர், 2023இல் கன்சோல்களுக்குப் போனபோது, வழியில் திடீரென வரும் சண்டைகளை நிறுத்திவைக்கவும் வளர்ச்சியை வேகப்படுத்தவும் வசதி கொடுத்தது. நல்ல வசதிதான். ஆனால் ஒரு கேமைத் தாங்கிக்கொள்ள அதன் மையமான செயலையே அணைத்துவைக்க வேண்டியிருக்கிறது என்றால், அது பாதியில் விட்டவரின் தீர்ப்பைத்தான் உறுதிசெய்கிறது.

பாதியில் விடுவதால் அதன் மேல் உள்ள மரியாதை குறைய வேண்டியதும் இல்லை. சோகோபோ என்ற சவாரிப் பறவையும் சிட் என்ற பெயரும் இந்தத் தொடருக்குள் வந்தது இந்தப் பாகத்தில்தான். ஜோசப்பின் மரணம் வரை விளையாடினாலே இதன் துணிச்சல் புரிந்துவிடும். நொபுவோ உயெமாட்சு புரட்சிப்படைக்கு அமைத்த இசையைத் தனியாகவே கேட்கலாம். கவாசு இந்த எண்ணத்தைக் கைவிடவில்லை; அடுத்த ஆண்டே கேம்பாயில் 'சாகா' தொடரைத் தொடங்கி, பல ஆண்டுகள் அதைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். பலமேசியாவில் மிச்சமிருக்கும் மணி நேரங்களை அந்தத் தொடருக்குக் கொடுப்பதே அவருடைய உழைப்புக்கும் நியாயம்.