மைனஸ் பத்து டிகிரியும் "மதராஸி" குளிரும்

டெல்லிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மூன்றாவது வருடம் ஒரு காய்ச்சல் வரும். தாஜ்மகால், ஹரித்வார் எல்லாம் பார்த்து முடித்ததும், "மலையில டென்ட் போட்டுத் தங்கலாம்ப்பா" என்று பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டிலும் ஆரம்பித்தார்கள். 2024 அக்டோபர் கடைசியில் உத்தராகண்டில் சோப்தா பக்கம் போய் வந்தோம். இது பயணக் கட்டுரை இல்லை. ஸ்லீப்பிங் பேக் விஷயமாக ஒரு சண்டை.

முதலில் குற்ற ஒப்புதல். நாலு பேக் வாங்கியவன் நான்தான். ஒவ்வொன்றும் 900 கிராம். கடைக்காரர் ஒரு விரலில் தொங்கவிட்டுக் காட்டினார். மேலே கொட்டை எழுத்தில் "-10". அங்கே ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் என்றார்கள். ஆஹா, பத்து டிகிரி கையிருப்பு என்று கணக்குப் போட்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் தங்கமணி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு ஸ்வெட்டர், மேலே சால்வை. சின்னவள் அம்மாவின் பேக்குக்குள் பாதி நுழைந்திருக்கிறாள். நான் மட்டும் நன்றாகத் தூங்கியிருந்தேன். காலையில் கூட வந்த அலுவலக நண்பர்கள், "மதராஸிகளுக்குக் குளிர் தாங்காது ஜி" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். திரும்பி வரும்போது காரில் அவர் சொன்னார்: "எனக்குத்தான் உடம்புல தெம்பு இல்ல போல."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

வீட்டுக்கு வந்து, பேக்கின் உள்ளே தைத்திருந்த சின்னத் துணிச்சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மூன்று எண்கள். கம்ஃபர்ட் 8, லிமிட் 4, எக்ஸ்ட்ரீம் -10. ஐரோப்பாவில் இஎன் 13537 என்று இருந்து, 2016-ல் ஐஎஸ்ஓ 23537 ஆன தர அளவு இது. சூடேற்றிய பொம்மையை வைத்து அளப்பார்கள். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் கை காலைத் தளர்த்திப் படுத்துத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் குளிர். எக்ஸ்ட்ரீம்? ஒரு பெண் ஆறு மணி நேரம் குளிரில் விறைத்துச் சாகாமல் இருக்கலாம் என்ற எல்லை. தூக்கம் அந்தக் கணக்கிலேயே கிடையாது.

ஆக, கொட்டை எழுத்தில் போட்டிருந்தது உயிர் பிழைக்கும் எண். தூங்குகிற எண் உள்ளே ஒளிந்திருந்தது.

வங்கிக்காரனுக்கு இது புதிதில்லை. ஐந்து வருடக் கடனுக்கு "ஃப்ளாட் ரேட் 10%" என்று விளம்பரம் செய்வார்கள். குறையும் நிலுவையில் கணக்குப் போட்டால் 17% தாண்டும். பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. கவுன்டரில் நூறு பேருக்கு இதை விளக்கியவன், கடையில் ஏமாந்து நின்றேன்.

இன்னும் இரண்டு விஷயம். பிள்ளைகளுக்கான பேக் அந்தத் தர அளவிலேயே சேராது. சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். அடுத்து, அந்தப் பொம்மை பாய் மேல்தான் படுத்திருக்கும். நாம் படுத்தால் முதுகுக்கடியில் பஞ்சு நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சு சூடு தராது. நல்ல ஃபோம் மேட் இல்லாவிட்டால் எந்த பேக்கும் பாதி பேக்தான்.

சரி, "எடை குறைவு" மோகத்துக்கு வருவோம். எங்கள் டென்ட்டிலிருந்து கார் இருபது அடி தூரம். டிக்கியில் மூன்று லிட்டர் குக்கர், ஒரு தூக்கு புளியோதரை, இட்லிப்பொடி, நாற்காலி நாலு! இதற்கு நடுவே பேக்குக்கு ஒரு கிலோ குறைத்து யாருக்கு என்ன லாபம்? முதுகில் சுமந்து நாலு நாள் நடப்பவருக்குத்தான் கிராம் கணக்கு. அவர்கள் காசு கொடுத்து வாத்து இறகு பேக் வாங்கட்டும். கம்ஃபர்ட் பூஜ்யத்துக்கே ஒரு கிலோ பக்கத்தில் கிடைக்கும். நனைந்தால் மட்டும் இறகு ஒட்டிப்போய்ச் சூடு போய்விடும். காரில் போகும் குடும்பத்துக்கு இரண்டு கிலோ செயற்கைப் பஞ்சு பேக் தாராளம். ஈரத்தையும் ஓரளவு தாங்கும், விலையும் குறைவு. விலையும் குறைவாக, எடையும் குறைவாக, குளிரும் தாங்குவதாக ஒருவர் விற்றால் எக்ஸ்ட்ரீம் எண்ணைத்தான் விற்கிறார் என்று அர்த்தம்.

எவ்வளவு குளிர் என்று கணிப்பதும் சுலபம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். சோப்தா சுமார் 2,700 மீட்டர், டெல்லி 200 சொச்சம். டெல்லியில் ராத்திரி 17 டிகிரி என்றால் அங்கே 1 டிகிரி. எங்கள் கம்ஃபர்ட் 8. ஏழு டிகிரி பற்றாக்குறை! இதில் மதராஸி எங்கே வந்தான்? பஞ்சாபிப் பெண்மணியைப் படுக்க வைத்திருந்தாலும் உட்கார்ந்துதான் இருந்திருப்பார்.

அதனால் ரங்கமணிகளே, வீட்டுக்கு பேக் வாங்கும்போது உங்கள் உடம்பை அளவுகோலாக வைக்காதீர்கள். உள்ளே தைத்த சீட்டைத் தேடுங்கள். கம்ஃபர்ட் எண் இல்லாத பேக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போகிற இடத்துக் குளிரைவிட ஐந்து டிகிரி கூடுதலாகத் தாங்குவதாகப் பார்த்து எடுங்கள். அது அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில்.

இத்தனையும் தங்கமணியிடம் காகிதத்தில் எழுதியே காட்டினேன். "உன் உடம்புல ஒரு குறையும் இல்ல, நான் வாங்கினதுலதான் குறை" என்றேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அன்னிக்குக் காலைல அவங்க சிரிச்சப்ப இதைச் சொல்லியிருக்கலாமே."